லாபம், ரெண்டு, மூணு

ஜூன் 9

ஜூலையில் லைம் ரீஜிஸ் கடற்கரைக்குப் பள்ளிப் பயணம், கல்லாகிப்போன பழைய உயிர்களை (ஃபாசில்) தேட. பெற்றோர் ஃபார்ம் 29 வந்திருக்கிறது. வேண்டியது 44.

ஹாலில் ஜிசிஎஸ்இ பரீட்சை நடக்கிறது. தாழ்வாரம் முழுக்க "அமைதி" அட்டை ஒட்டியிருக்கிறோம். இயர் 8 பெண்கள் கிசுகிசுத்தே ஹாலை எழுப்பிவிடுவார்கள்.

தம்பி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். இரண்டு தடவையும் வகுப்பில் இருந்தேன்.

ஜூன் 10

ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன், வியாழக்கிழமை காலை என்று முடிவாகியிருக்கிறது. எழுபத்தாறு வயதுக்கு இதெல்லாம் இப்போது சாதாரணமாம். "சாதாரணம்" என்று சொல்லும்போது மட்டும் தம்பியின் குரல் கொஞ்சம் உசந்தது.

ஜூன் 12

முடிந்தது. தண்ணீர் கேட்டாளாம்.

ஜூன் 13

பெற்றோரிடமிருந்து வந்த கேள்விகள்: விடுதியில் வைஃபை உண்டா? செல்போன் கொடுத்து அனுப்பக்கூடாது என்றால் அவளுக்கு விடிந்தது எப்படித் தெரியும்? என் மகள் தனியாகத் தூங்கியதே இல்லை, அவள் அறையில் நீங்கள் படுத்துக்கொள்ள முடியுமா?

கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டு, பதில் எழுத அரைமணி நேரம் ஆனது. பொய் சொல்லாமல் தைரியம் சொல்வது கஷ்டம். "பக்கத்து அறையில்தான் இருப்பேன், கதவைத் தட்டினால் எழுந்துவிடுவேன்" என்று எழுதினேன். அது உண்மை. இப்போதெல்லாம் யாரும் தட்டாமலே எழுந்துவிடுகிறேன்.

தலைமையாசிரியை கூப்பிட்டு, போக வேண்டுமென்றால் போய் வாருங்கள் என்றார். நல்ல மனுஷி. ஆனால் அந்த அறையில் சொல்லாமல் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் போனால் ஜூலைப் பயணத்துக்குத் தலைமை தாங்க ஆள் இல்லை. 44 பெண்கள், கட்டிய பணம், பேசிவைத்த கோச் பஸ். "தம்பி பார்த்துக்கொள்கிறான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன்?

டிக்கெட் 23ஆம் தேதி இரவுக்குப் போட்டாயிற்று. பள்ளி மூடுவதற்கு மறுநாள். நாற்பது நாள்.

ஜூன் 17

கிரீன்விச். இயர் 7, முப்பது பேர். லண்டனில் பள்ளிக்கூடப் பயணமென்றால் ரயில் இலவசம். ஆனால் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும், காலை 9.30க்கு முன்னால் ஏறக்கூடாது. அதனால் 9.15 முதல் ஸ்டேஷன் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏறும்போது, இறங்கும்போது, மாறும்போது எண்ண வேண்டும். டிஎல்ஆர் ரயிலில் ஓட்டுநர் கிடையாது என்பதால் முன் சீட்டுக்கு அடிதடி. மலையேறி மேலே போனதும் எல்லோருக்கும் ஒரே ஆசை, பூஜ்ய தீர்க்கரேகையைக் காட்டும் அந்த உலோகக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து ஒரு போட்டோ. ஒரு காலில் கிழக்கு, ஒரு காலில் மேற்கு. 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி இதுதான் பூஜ்யம் என்று தீர்மானித்த கதையைச் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்: "யாராவது மாட்டேன்னு சொன்னாங்களா?" பிரான்ஸ் ஓட்டே போடவில்லை என்றதும் அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

வானாய்வகத்தின் உச்சியில் சிவப்புப் பந்து. 12.55க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12.58க்கு உச்சி, சரியாக ஒரு மணிக்கு விழும். தேம்ஸில் நின்ற கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ள 1833இல் வைத்தது. எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். விழுந்தது. "அவ்வளவுதானா?" என்றார்கள். அவ்வளவுதான்.

ஊரில் மாலை ஐந்தரை. பெரிய டாக்டர் வந்து பார்க்கிற நேரம். பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். முப்பது.

ஜூன் 19

ராத்திரியில் அம்மா ஆளை மாற்றிப் பேசுகிறாளாம். தம்பியைப் பெரியப்பா என்கிறாளாம். இந்த வயதில் ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், போய்விடும் என்று டாக்டர் சொன்னாராம்.

அதுகூடப் பரவாயில்லை. நெல் அளக்கிறாளாம். கண்ணை மூடிக்கொண்டு, போர்வை மேல் கையைப் பக்கவாட்டில் வழித்து, "லாபம்… ரெண்டு… மூணு…" என்று. ஏழு வரை போய் நின்றுவிடுகிறாள். மறுபடி லாபம்.

களத்தில் யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்கால் லாபம்தான். எனக்கு அஞ்சு வயதில் எண் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் லாபம், ரெண்டு என்று சொல்லி டீச்சரிடம் குட்டு வாங்கினேன்.

இங்கே பெண்களை எண்ணும்போது உதடு அசையாமல் நானும் அப்படித்தான் எண்ணுகிறேன். பதினாறு வருஷமாக. யாருக்கும் தெரியாது.

ஜூன் 20

ஏழுக்கு மேல் ஏன் போகவில்லை?

ஜூன் 23

நெட்டைப் பெண்ணின் ஃபார்ம் இன்னும் வரவில்லை. கேட்டால் "எனக்குக் கடல் பிடிக்காது மிஸ்" என்கிறாள். போன வாரம் தேள் மீன், கடல் பல்லி என்று பக்கம் பக்கமாக வரைந்தவள்.

பணம்தான். பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்கு இங்கே கட்டணம் என்று கேட்க முடியாது. 1996 கல்விச் சட்டம். "விருப்பப் பங்களிப்பு" என்றுதான் கேட்கலாம், தரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகக்கூடாது. ராத்தங்கல் செலவை மட்டும் வாங்கலாம். அதிலும் சில அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பங்களிடம் வாங்கக்கூடாது. இதெல்லாம் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. யார் இரண்டாம் பக்கம் படிக்கிறார்கள்? விருப்பம் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, இல்லாதவர்கள்தான் வெட்கப்படுகிறார்கள்.

அவள் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். ஷிப்டில் இருந்தாராம், சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டார். பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "அறிவியலுக்கு அவள் வந்தால் எனக்கு உதவியாக இருக்கும்" என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. "அவளுக்கு நல்ல பூட்ஸ் இல்லை" என்றார். பூட்ஸ் எங்கள் ஸ்டோரில் இருக்கிறது என்றேன். தேடினால் இருக்கும்.

ஜூன் 26

ரிஸ்க் அசெஸ்மென்ட், பதினோரு பக்கம். கோச், விடுதித் தீ, வேர்க்கடலை ஒவ்வாமை, வெயில், அலை, பாறைச் சரிவு. ஒவ்வொரு வரிக்கும் "நடக்கக்கூடிய அளவு", "நடந்தால் எவ்வளவு மோசம்" என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். இரண்டையும் பெருக்க வேண்டும்.

நாங்கள் படகில் ஏறப்போவதில்லை. ஆனாலும் லைம் என்று எழுதும்போதெல்லாம் 1993 ஞாபகம் வருகிறது. மார்ச் மாதம், அதே விரிகுடா, பள்ளிப் பிள்ளைகளின் கயாக் பயணம். நாலு பேர் திரும்பி வரவில்லை. சாகச மையங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற 1995ஆம் வருஷச் சட்டம் அதற்கப்புறம் வந்ததுதான். இந்தப் பதினோரு பக்கத்தின் எரிச்சலை அந்த நாலு பேரை நினைத்துத்தான் அடக்கிக்கொள்கிறேன்.

தம்பிக்கும் ஒரு படிவம் அனுப்பலாமா என்று தோன்றியது. காய்ச்சல்: நடக்கக்கூடிய அளவு 4. படுக்கைப் புண்: 3. மகள் ஊரில் இல்லாமை: 5.

அழித்துவிட்டேன். பைத்தியக்காரத்தனம்.

ஜூலை 1

சூடு தாங்கவில்லை. ஸ்போர்ட்ஸ் டே தள்ளிப்போயிற்று.

ஜூலை 3

காய்ச்சல். 101.

ஜூலை 4

ஃபார்ம் 43. காய்ச்சல் 99.6.

ஜூலை 7

44. நெட்டைப் பெண் ஃபார்மை மேஜையில் வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். பூட்ஸ் தேடினேன். அவள் காலுக்கு எட்டு வேண்டும், ஸ்டோரில் இருப்பது ஆறு. கடைசியில் விளையாட்டு டீச்சர் தன்னுடையதைக் கொடுத்தார். நாக்குக்கு அடியில் ஒரு பழைய பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்தேன்.

ஜூலை 9

கோச் ஏழே முக்காலுக்குக் கிளம்பியது. ஏ303 நெடுஞ்சாலையில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் ஜன்னலில் வந்தபோது பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் "இவ்வளவு சின்னதா?" இவர்களுக்கு எதைக் காட்டினாலும் அவ்வளவுதானா.

லைமில், அந்தக் காலத்து ஃபாசில் வேட்டைக்காரி மேரி ஆனிங் சிலைக்கு முன்னால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கையில் சுத்தியல், பக்கத்தில் நாய். அந்த நாய் 1833இல் பாறைச் சரிவில் அவள் கண் முன்னாலேயே செத்தது என்று சொன்னது என் தவறு, மூன்று பேர் அழுதுவிட்டார்கள். சிலை வந்தது 2022இல்தான். ஒரு பள்ளிச் சிறுமி ஆரம்பித்து வைத்த இயக்கம். லண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919இல், மேரி போனது 1847இல். "அவங்க கண்டுபிடிச்சதை மட்டும் எடுத்துக்கிட்டாங்களா?" விலைக்கு வாங்கினார்கள் என்றேன். "அது வேற" என்றாள் ஒருத்தி. வேறதான்.

இரவு 11.40. வீட்டு நினைப்பில் ஒருத்தி, வயிற்று வலியென்று இரண்டு பேர், சும்மா பார்க்க வந்ததாக நாலு பேர். கதவு தட்டுவது நிற்கவில்லை. அறைக்குள் சிக்னல் இல்லை, மாடிப்படித் திருப்பத்தில் மட்டும் ஒரு கோடு. தம்பியின் குறுஞ்செய்தி: "மறுபடி சேர்த்திருக்கு. பயப்படாதே. வேலையைப் பார்."

ஜூலை 10

சார்மத், லைமுக்குப் பக்கத்துக் கடற்கரை. இன்று பௌர்ணமி, நீர் நன்றாக உள்வாங்கும். இறங்குநீரில்தான் தேட வேண்டும், ஏற ஆரம்பித்தால் ஒரு பேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும். பாறையைத் தொடக்கூடாது, அடியில் நிற்கக்கூடாது, மணலில் உதிர்ந்து கிடப்பதை மட்டும் பொறுக்கலாம். இதை வழிகாட்டி மூன்று தடவை சொன்னார். நான் நாலாவது தடவை சொன்னேன்.

முதலில் எல்லோருக்கும் கல் கல்லாகத்தான் தெரிந்தது. பிறகு ஒருத்தி துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒன்றை எடுத்தாள். பெலம்நைட், கணவாய்க்குச் சொந்தக்காரப் பிராணி. அப்புறம் கண் பழகிவிட்டது. நாற்பத்து நாலு முதுகு, ஒரு சத்தமில்லை. பரீட்சை ஹாலில்கூட அப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை.

நெட்டைப் பெண் முட்டி போட்டு ஒரே இடத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். பிறகு என்னிடம் வந்து கையை விரித்தாள். சட்டைப் பொத்தான் அளவு அம்மோனைட், கடல் பிராணி ஒன்றின் கல்லாகிப்போன ஓடு. பைரைட் என்ற தாது ஏறித் தங்கம் மாதிரி. சுருளுக்குள் சுருள், விளிம்பில் நகத்தால் கீறியது போல வரிகள். ஏறத்தாழ 19 கோடி வருஷம்.

எனக்குத் தெரிந்த சுருள். ஊரில் பூஜை மாடத்தில் பித்தளைத் தட்டில் இருக்கிறது, கண்டகி நதியிலிருந்து பெரியப்பா கொண்டுவந்தது. அதுவும் அம்மோனைட்தான், சாளக்கிராமம் என்று தினமும் பாலில் குளிக்கும். காலேஜில் படித்துவிட்டு வந்து அம்மாவிடம் "இது நத்தை மாதிரி ஒரு பூச்சிம்மா" என்றேன். "பூச்சின்னா என்ன, இத்தனை நாள் இருந்திருக்கே" என்றாள்.

"நல்லாருக்கா மிஸ்?" நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்து மூடிவை, இல்லாவிட்டால் பைரைட் உளுத்துவிடும் என்றேன். கேட்டது அதுவல்ல என்று தெரியும். தொண்டை சரியில்லை.

திரும்பும் நேரம். எண்ணினேன். நாற்பத்து மூன்று.

மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்று. கடல் பக்கம் பார்த்தேன். பாறைப் பக்கம் பார்த்தேன். கால் நடுங்கியது. பக்கத்து டீச்சர் ஒரு பக்கமிருந்து எண்ணி "ஃபார்ட்டி ஃபோர்" என்றார். அவரை மறுபடி எண்ணச் சொன்னேன். ஃபார்ட்டி ஃபோர். பெயர் பெயராகக் கூப்பிட்டோம், எல்லோரும் இருந்தார்கள்.

கோச்சில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. லாபம் என்று ஆரம்பித்து, அடுத்தவளை ஒன்று என்றிருக்கிறேன். இரண்டு தடவையும்.

ஜூலை 11

எல்லோரையும் ஒப்படைத்தாயிற்று. கடைசிப் பெண்ணின் அப்பா 50 நிமிஷம் தாமதம். தூங்கப் போகிறேன்.

ஜூலை 13

அம்மா பேசினாள். தம்பி போனைக் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. வெயிலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நெல் காய்ந்துவிட்டதா என்றாள். காய்ந்துவிட்டது என்றேன்.

"எத்தனை மரக்கால் ஆச்சு?"

"நாப்பத்து நாலும்மா."

"சரியா அளந்தியா?"

ரெண்டு தடவை அளந்தேன் என்றேன்.

ஜூலை 16

ஸ்போர்ட்ஸ் டே. மழை.

ஜூலை 18

படங்களை ஒட்டி முடித்தோம். நெட்டைப் பெண் பூட்ஸைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், உள்ளே ஒரு துளி மணல் இல்லை. அம்மோனைட்டைக் கண்காட்சிக்குத் தர மாட்டாளாம். சரி என்றேன்.

ஜூலை 21

பெட்டி 26 கிலோ. அனுமதி 23. பெரியவர்களுக்கான டயப்பர் கட்டு இடத்தை அடைக்கிறது, எடை ஒன்றும் பெரிதில்லை. அங்கேயே கிடைக்கும் என்று தம்பி சத்தம் போடுகிறான். வாக்கரை நெய்பர் கொடுத்தார், அதை மடித்தால் போகுமா என்று நாளைக்குக் கேட்க வேண்டும். புடவைகளை எடுத்துவிட்டேன். இப்போது 24.