நர்சிங் முடித்த தங்கைகளுக்கு, தம்பிகளுக்கு

ரிசல்ட் வந்ததும் முதல் வேலை தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு. வேறு மாநிலத்தில் படித்தவர்கள் அங்கே பதிந்துவிட்டுத்தான் இங்கே மாற்ற முடியும். அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

பெயரை இப்போதே பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம், குழுமப் பதிவு, பாஸ்போர்ட் நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். நம் ஊரில் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். வளைகுடா வேலைக்கு, டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது கோப்பு அங்கேதான் நிற்கும்.

முதல் வேலையில் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஐசியு, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என ஒரே பிரிவில் இரண்டு வருடம் தொடர்ந்து நின்றால் அடுத்த கதவு எளிதாகத் திறக்கும். மாதம் ஒரு வார்டுக்கு மாற்றினால் பிறகு 'எந்தப் பிரிவு?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அசல் சான்றிதழ்களை எந்த நிர்வாகத்திடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். விலகும்போது அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பிரிவு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஏன் படுக்கை எண்ணிக்கை? எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் பணிக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் அனுபவமின்றியே எழுதலாம். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர்களுக்கு குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கட்டாயம். மாநில அரசுப் பணிக்கு எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பைப் பாருங்கள். தொடக்கத்தில் நிரந்தரச் சம்பள விகிதம் இல்லாத தொகுப்பூதியமாகவும் இருக்கலாம், தெரிந்தே சேருங்கள்.

கல்லூரி தேடும் பெற்றோரே, சேரும் ஆண்டுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடப் பட்டியல் போதாது.