பதினைந்து சென்ட் எங்கே போச்சு?

"கயித்தைப் போட்டு நானே அளந்தேன் சார். நூத்திப் பதினஞ்சு சென்ட் வருது. உங்க பட்டாவுல நூறுதான் இருக்கு. பதினஞ்சு எங்க போச்சு?"

பூம்பாறைப் பெரியவர் கேட்டது இதுதான். கொடைக்கானல் மேல்மலையில் வேலை பார்க்கும் எந்த சர்வேயரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம்: "எங்கேயும் போகலைங்கய்யா. சரிவுல அளந்தா கூடத்தான் காட்டும். நாங்க கிடைமட்டமா அளக்கறோம்."

கணக்கில் பிசகில்லை. 30 டிகிரி சரிவில் 100 மீட்டர் கயிறு, கிடையாகப் பார்த்தால் 86.6 மீட்டர்தான். பட்டாவின் 0.40.5 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர், சரிவோடு சேர்த்து அளந்தால் 115 சென்ட் ஆகிவிடும். 1821ல் ஆங்கிலேய சர்வேயர் லெப்டினன்ட் வார்டு வெள்ளகவி கிராமம் வழியாக ஏறி இந்த மலையை அளந்தாரே, அந்தக் காலத்திலிருந்தே நில அளவையில் கணக்கு கிடைமட்டம்தான். இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து நிலங்களின் வரைபடங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது.

சங்கிலி நாட்களில் இதைச் சாதிப்பது லேசான வேலையில்லை. மேலிருந்து கீழே படிப்படியாக இறங்க வேண்டும். மேல்முனை தரையில், கீழ்முனை தூக்கிய கையில், அதிலிருந்து தூக்குக்குண்டு. சங்கிலியின் ஒரு கண்ணி எட்டு அங்குலம் போல வரும். 30 டிகிரியில் 20 கண்ணி பிடித்தால் கீழே நிற்பவர் ஏழரை அடி உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும். ஆகவே பத்துப் பத்துக் கண்ணியாகத்தான் போக முடியும். கை சலித்துச் சங்கிலி கீழே சாய்ந்தாலும், நடுவில் தொய்ந்தாலும் நீளம் கூடுதலாகவே விழும். காற்றடித்தால் குண்டு ஆடும். இன்றைக்கு டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி சாய்தூரம், கிடைத்தூரம் இரண்டையும் திரையில் காட்டிவிடுகிறது. எதைக் குறித்துக்கொள்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்: "சரி சார். அப்ப மண்ணு கொத்த வர்றவன்கிட்டயும் சாய்மானத்தைக் கழிச்சுக்கிட்டுக் கூலி வாங்கிக்கன்னு சொல்லவா?"

பதில் சொல்ல வேண்டிய கேள்வியா இது என்று இப்போதும் தெரியவில்லை. பட்டா கூலிக்கணக்குப் புத்தகம் அல்ல, அது எல்லையைச் சொல்லும் காகிதம். இப்படிச் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் பயிர்க்கடன், வெள்ள நிவாரணம் எல்லாமே அந்தக் காகிதத்தின் பரப்பை வைத்துத்தான் வருகின்றன. எல்லைக்கு மட்டும்தான் என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவருடையது அடுக்கு நிலம். மலைப்பூண்டு சரிவில் முளைப்பதில்லை, சமன் செய்த தட்டில்தான் முளைக்கிறது. எல்லாத் தட்டுகளின் அகலத்தையும் கூட்டினால் வருவது கிடைத்தூரம்தான். கயிற்று நீளம் வராது. அதிலும் மூன்று மீட்டருக்கு ஒரு அடுக்கு என்றால் சுவர் 1.7 மீட்டர் உயரம். நெட்டுக்குத்தாக நிறுத்தினால் முதல் பெருமழையில் வயிறு தள்ளிச் சரியும். அதனால் உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டுவார்கள். அந்தச் சாய்வு 30 சென்டிமீட்டர் தின்றாலே பத்தில் ஒரு பங்கு போச்சு. ஆக, கயிறு 115 என்கிறது, பட்டா 100 என்கிறது, பூண்டு விழும் மண் 90தான். விதைப்பூண்டு வாங்குகிறவர் இந்தத் தொண்ணூறுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்படியானால் பெரியவர் சொன்னது தப்பா? விளைச்சலுக்குத் தப்பு. உழைப்புக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சரிந்த சுவரை எடுத்துக் கட்டுவது, கீழே இறங்கிய மண்ணைக் கூடையில் மேலேற்றுவது, இவற்றுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. இங்கே விவசாயம் பார்க்கும் குன்னுவர் சமூகத்தினர் சமவெளியிலிருந்து மேல்மலைக்கு வந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. கொடைக்கானலில் பங்களாக்கள் எழுந்ததோ 1845லிருந்துதான். 2019ல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேசப்பட்டது பூண்டின் காரமும் மணமும்தான். சுவர் கட்டியவர் கூலி எங்கும் பேச்சில் வரவில்லை.

தொண்ணூறு சென்ட் கணக்கை அன்றைக்கு அவரிடம் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் பதினைந்து போனதாக நினைத்தவர் இருபத்தைந்து போனதாக நினைத்திருப்பார். அது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. கடன் நூறு சென்டுக்குக் கிடைக்கிறது. கிடைக்கிறவரை வாங்கட்டுமே.