ஆம்னி கூரையில் முக்கால் இஞ்ச் ஓட்டை

கடைசியில் ஓட்டை போட்டேவிட்டேன். நான்கு மாதமாக மாருதி ஆம்னி வேனைச் சுற்றிச் சுற்றி வந்து, ஹாம் ரேடியோ (லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காகப் பேசும் வயர்லெஸ்) ஏரியலை மூன்று இடத்தில் மாட்டிப் பார்த்து, மூன்றிலும் மனசு ஆறாமல், போன ஞாயிற்றுக்கிழமை காலை டிரில்லைக் கையில் எடுத்தேன். மத்தியானம் மீட்டரில் 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் 1.2. ஏரியலுக்கு அனுப்பும் பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கணக்கு அது; 1-க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. தேவகோட்டை நண்பர் "என்னண்ணே, வீட்டு ஸ்டேஷன்ல இருந்தா பேசுறீங்க?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பாடு.

ஏரியலுக்கு நல்ல இடம் கூரையின் நடுதான் என்று எல்லாருக்கும் தெரியும். என் வண்டிக்கு அது தோதுப்படாது. ஆம்னி பாதி எனக்கு, பாதி மச்சானுக்கு. அவர் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். முகூர்த்த நாள் வந்தால் கூரை கேரியரில் அண்டாவும் தவலையும் ஏறிக்கொள்ளும். கேரியரைக் கழற்றுகிறேன் என்று சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

முதலில் மேக்னட் மவுண்ட், அதாவது காந்தத்தால் கூரையில் ஒட்டிக்கொள்ளும் ஏரியல் அடி. கேரியர் குழாய்களுக்கு நடுவில் வைத்தால் 2.3. குழாய்கள் பக்கத்தில் நின்று ஏரியலைக் கெடுக்கின்றன. கேரியரைக் கழற்றி வைத்த ஒரே ஒரு நாள் மட்டும் 1.4 காட்டி ஆசையைக் கிளப்பியது. அதைவிடப் பெரிய தொந்தரவு நம் ஊர்ச் செம்மண். காந்தத்துக்கு அடியில் புழுதி போய் உட்கார்ந்து, வண்டி ஆட ஆட உப்புத்தாள் மாதிரி தேய்த்து, பெயின்ட்டில் வட்டமாக ஒரு வடு. வயர் கதவு பீடிங்கில் நசுங்கியது தனிக் கதை.

அடுத்தது மழைநீர்க் காடியில் கிளாம்ப். புதுக் கார்களில் காடியே கிடையாது. ஆம்னியில் இருப்பது நமக்கு வரம் என்று நினைத்தேன். இடது பின்மூலையில் மாட்டினேன். காடியில் கிளாம்பின் திருகு கடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினால்தான் வண்டியின் தகர உடம்போடு மின்தொடர்பு, அதாவது கிரவுண்ட், கிடைக்கும். சுரண்டாமல் 1.9, சுரண்டியபின் 1.5. பரவாயில்லையே என்றுதான் தோன்றியது.

ஆனால் மீட்டர் முழு உண்மையையும் சொல்லாது. சந்தேகம் தீர வண்டியைத் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறக்கினேன். ஒரே இடத்தில் நின்று எட்டுத் திசைக்கும் வண்டியின் மூக்கைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி பேசினேன். நண்பர் தன் செட்டில் எத்தனை கோடு ஏறுகிறது என்று எழுதிக்கொண்டார். வண்டியின் வலது முன்மூலை தேவகோட்டையைப் பார்த்தபோது 8 கோடு. இடது பின்மூலை பார்த்தபோது 4. ஏரியல் ஒரு மூலையில் நின்றால், தகரம் எந்தப் பக்கம் அதிகம் விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சிக்னல் சாய்கிறது. படித்தது உண்டு, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏதும் தொலஞ்சு போச்சா அப்பு?" என்றார். 4 கோடு தொலைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

காடி மவுண்ட்டைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. பின்சீட்டில் உட்காரும் பையனின் தலைக்கு ஒரு முழம் தள்ளி, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே 25 வாட் போகிறது. கூரையின் மேல் என்றால் நடுவில் தகரம் மறைக்கும்.

பின்கதவுக் கீல் பற்றிப் பேசவே வேண்டாம். கீலில் இருந்த கிரீஸ் கிரவுண்டைத் தின்றுவிட்டது.

சரி, ஓட்டைக்கு வருவோம். கேரியரின் கால்களும் காடியில்தான் பிடிக்கின்றன. அதனால் மொத்தக் கேரியரையும் ஒரு முழம் பின்னால் தள்ளினேன். மச்சானிடம் சொல்லவில்லை. முன்கண்ணாடி விளிம்புக்கும் முதல் குழாய்க்கும் நடுவில் இப்போது 85 சென்டிமீட்டர் கிடைத்தது. கண்ணாடியிலிருந்து 45-இல் புள்ளி வைத்தேன். கால் அலை ஏரியல் (அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு உயரம்) 49 சென்டிமீட்டர். சுற்றிலும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தகரம் இருந்தால் போதும். பக்கவாட்டில் இரண்டு புறமும் தாராளம்.

ஓட்டைக்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரூம் லைட்டைக் கழற்றி, அந்த வழியாகக் கையை விட்டுத் தடவினேன். கூரைக்குக் குறுக்கே ஓடும் பட்டை, என் புள்ளிக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. தப்பித்தேன். பிட் உள்ளே பாய்ந்து லைனிங்கைக் கிழிக்காமல் இருக்க, அதன் மேல் ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி நுனி மட்டும் வெளியே தெரியும்படி விட்டேன். 19 மில்லி ஹோல் சாவை (வட்டமாக ஓட்டை வெட்டும் ரம்பம்) மெதுவாக ஓட்ட வேண்டும். வேகம் கொடுத்தால் மெல்லிய தகரத்தைக் கடித்து இழுத்துவிடும். பல்லில் கிரீஸ் தடவினால் துகள் பறக்காமல் ஒட்டிக்கொள்ளும். கூரையில் சிதறிய இரும்புத் துகளை அன்றைக்கே துடைக்காவிட்டால், மறுநாள் பனி பட்டதும் துருப்புள்ளிகள் தெரியும்.

எல்லாரும் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில்தான். ஓட்டையில் உட்கார்ந்து ஏரியலைத் தாங்கும் அடிக்கு என்.எம்.ஓ. மவுண்ட் என்று பெயர். அதற்கு மேலே, கூரையின் வெளிப்பக்கத்தில், பெயின்ட் அப்படியே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கிரவுண்ட் பிடிப்பது கீழ்ப்பக்கத்தில், அந்தப் பல் வைத்த வளையம் தகரத்தைக் கடிக்கும் இடத்தில். அங்கே கண் போகாது, ரூம் லைட் ஓட்டை வழியாக விரல் மட்டும்தான் போகும். நகவெட்டியில் இருக்கும் அரத்தைத் தனியாகக் கழற்றி, விரல் நுனியில் டேப் போட்டுக் கட்டி, ஓட்டையின் உதட்டைச் சுற்றிச் சுரண்டினேன். முக்கால் மணி நேரம். வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பு வந்ததும் நிறுத்தினேன். ஓம்மீட்டரில் வளையத்துக்கும் கதவுத் திருகுக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். வெட்டுவாயில் பிரைமர் தொட்டு வைத்து, மவுண்ட்டை இறுக்கினேன்.

செட்டிலிருந்து ஏரியலுக்குப் போகும் வயரான கோஆக்ஸ் பற்றி ஒரு புலம்பல். ஆன்லைனில் வாங்கிய முதல் சுருளைப் பிரித்தால், உள்கம்பியைச் சுற்றியிருக்கும் ஷீல்டு பின்னல் சல்லடை மாதிரி. வழியில் சிக்னல் எவ்வளவு ஒழுகும்? அடுத்த முறை சென்னை போன சொந்தக்காரரிடம் சொல்லி, ரிச்சி தெருவில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன். ஏரியல் கம்பி மட்டும் நம் ஊர்தான்: எவர்சில்வர் வெல்டிங் ராட். 52-இல் வெட்டி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து அரை சென்டியாகக் குறைத்தேன். ஒரேயடியாக வெட்டினால் ஒட்டவைக்க முடியாது.

மறுபடியும் அதே கண்மாய். எட்டுத் திசையில் ஆறில் 8, இரண்டில் 7. அந்த 7 இரண்டும் வண்டியின் பின்புறம், கேரியர் நிற்கும் பக்கம். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளின் மதில்களுக்கு நடுவே ஓட்டினால் இன்னும் படபடவென்று விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. அது ஏரியலின் குற்றமில்லை.

இதே கம்பி 435 மெகாஹெர்ட்ஸில் முக்கால் அலையாக வேலை செய்யும் என்பதால், அடுத்து இரண்டிலும் பேசும் டூயல் பேண்ட் செட் ஒன்றின் மேல் கண். அப்புறம் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருள் வைத்த நெட்டை ஏரியல். அதைக் கூரையில் வைத்தால் தெரு வேப்பமரக் கிளை ஒன்றும் மிஞ்சாது. பின் பம்பரில்தான் யோசிக்க வேண்டும். கிரவுண்ட் கணக்கெல்லாம் மாறும்.

அதற்குள் இந்த வேலையே முடிந்தபாடில்லை. ரூம் லைட் இன்னும் வயரில் தொங்குகிறது. மச்சான் நாளைக்குப் புதுவயல் கல்யாணத்துக்கு அண்டா ஏற்ற வருகிறார். கம்பியைத் திருகிக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். மவுண்ட்டுக்கு மழைத்தொப்பி வாங்க மறந்துபோனதால், இப்போதைக்குப் பால் பாக்கெட் கவரைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன்.