கோடு கறுத்தால் மட்டும் போதாது

ஆஸ்பத்திரிக் கருவிகளை ஸ்டெரைலாக, அதாவது கிருமியே இல்லாமல் ஆக்கும் ஸ்டெரைல் சர்வீஸ் உதவியாளர் தேர்வை நான் இரண்டாம் தடவைதான் பாஸ் செய்தேன். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஓர் ஈரப் பொட்டலம்.

தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். வீடு சாட்ஸ்வொர்த்தில். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, பேக் செய்து, அழுத்தமான ஆவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் மெஷினில் ஏற்றி இறக்குகிற வேலை. சென்ட்ரல் ஸ்டெரைல் சர்வீசஸ் டிபார்ட்மென்ட் என்ற அந்தப் பிரிவை எல்லாரும் சி.எஸ்.எஸ்.டி. என்றுதான் சொல்வார்கள். பாடமும் தேர்வும் இங்கிலீஷில். மனப்பாடம் செய்ததெல்லாம் எழுத்துத் தேர்வு வரைக்கும் தாங்கியது. வாய்மொழித் தேர்வில் ஆவியாகிவிட்டது.

தேர்வாளர் அம்மா ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்து, "இதைத் தியேட்டருக்குக் கொடுப்பாயா?" என்று கேட்டார். அதில் ஒட்டியிருந்த, சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பில் கோடுகள் நன்றாகக் கறுத்திருந்தன. கொடுப்பேன் என்றேன். பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

பேக் ஈரமாக இருந்தால் அது ஸ்டெரைல் இல்லை. ஈரத்தின் வழியாகக் கிருமி உள்ளே ஏறிவிடும். டேப் கறுத்ததற்கு அர்த்தம், அந்தப் பொட்டலம் சூட்டைப் பார்த்துவிட்டது என்பது மட்டும்தான். உள்ளே ஆவி போனதா என்பதை பேக்குக்குள் வைக்கும் இண்டிகேட்டர் பட்டை சொல்லும். கிருமி செத்ததா என்பதை, சூட்டை நன்றாகத் தாங்கும் பாக்டீரியா வித்துகளை (ஸ்போர்) வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் சொல்லும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், கட்டாயம் கேட்பார்கள். ஸ்போரின் பெயர் ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ். மினிபஸ் டாக்சியில் போகும்போதெல்லாம் முணுமுணுத்துத்தான் எனக்கு அது வாயில் நின்றது. பக்கத்து சீட்டுக்காரர் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அப்புறம் படிக்கும் முறையையே மாற்றினேன். ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியான ஒரே ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை எடுத்துக்கொண்டு, அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தப் பக்கம் வரை அது போகும் வழியை மனதில் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் "ஏன்?" என்று கேட்டேன். பதில் பெரும்பாலும் நம் அடுப்படியிலேயே இருந்தது.

ரத்தக் கறையை முதலில் ஏன் குளிர்ந்த நீரில் அலச வேண்டும்? முட்டை கலக்கிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள், அப்படியே ஒட்டிக்கொள்ளும். ரத்தமும் புரதம்தான், 45 டிகிரி தாண்டினால் உறைந்து பிடித்துவிடும். பிரஷ்ஷை ஏன் தண்ணீருக்கு அடியில் வைத்துத் தேய்க்க வேண்டும்? மேலே தேய்த்தால் சாரல் முகத்துக்கு வரும். ஃபோர்செப்ஸை ஏன் திறந்தே வைக்க வேண்டும்? மூடிக்கிடந்தால் கீல் இடுக்கில் கறை தங்கும். செய்முறைத் தேர்வில் நான் லென்ஸை வைத்து முதலில் பார்த்தது அந்தக் கீலைத்தான். அங்கே பழுப்பாக ஒரு புள்ளி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். சரியாகக் கழுவாத கருவியை எத்தனை தரம் ஆட்டோகிளேவில் போட்டும் பயனில்லை.

போவி-டிக் டெஸ்ட்தான் பலருக்குப் புரியாது. குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். காற்று மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஆவி படாது. அது வெளியேறுகிறதா என்று பார்க்க, தினமும் காலையில் முதல் லோடுக்கு முன்னால், ஆட்டோகிளேவின் காலியான உள்ளறையில், நிறம் மாறும் தாள் உள்ள டெஸ்ட் பேக்கை மட்டும் வைத்து 134 டிகிரியில் ஓட்டுவோம். தாள் முழுவதும் ஒரே சீராக நிறம் மாற வேண்டும். நடுவில் வெளிறியிருந்தால் அன்று அந்த மெஷினைத் தொடக்கூடாது.

எண்கள் அதிகம் வேண்டாம். 134 டிகிரி என்றால் குறைந்தது 3 நிமிடம், 121 என்றால் 15. ஸ்பால்டிங் என்பவர் 1968-இல் கருவிகளுக்கு வகுத்த மூன்று வகையை நான் "உள்ளே, ஓரம், மேலே" என்று வைத்துக்கொண்டேன். உடம்புக்குள் போகும் கத்தி ஸ்டெரைலாகவே இருக்க வேண்டும். வாய், குடல் மாதிரி ஈரச்சவ்வைத் தொடும் எண்டோஸ்கோப்புக்கு (உள்ளே விட்டுப் பார்க்கும் குழாய்) உயர்நிலைக் கிருமிநீக்கமாவது வேண்டும். தோலின் மேல் சுற்றும் பிரஷர் பட்டைக்குச் சாதாரணச் சுத்தம் போதும்.

இந்த ஊருக்கே உரிய கேள்வி ஒன்றும் வரும். ஆட்டோகிளேவின் ஒரு சுற்று (சைக்கிள்) பாதியில் ஓடும்போது லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டில் கரண்ட் போனால்? 2023-இல் இதை நிஜமாகவே பட்டிருக்கிறோம். ஜெனரேட்டர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சொன்னால் போச்சு. அந்த லோடு முழுவதையும் பிரித்து, புதிதாக பேக் செய்து, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பதிவேட்டிலும் எழுத வேண்டும்.

வளையல், மோதிரம், நகப்பூச்சு எதுவும் வேண்டாம். முதல் நாள் கண்ணாடி வளையலோடு போய் நின்றேன். எங்கள் ஜூலு மேற்பார்வையாளர் "சிசி" என்று அக்காவை அழைப்பதுபோல் கூப்பிட்டு, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் தடவையும் அதே அம்மாதான் உட்கார்ந்திருந்தார். மறுபடி ஒரு பொட்டலம். டேப்பைப் பார்க்காமல் முதலில் அடியைத் தடவினேன். காய்ந்திருந்தது. ஆனால் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குக் கிழிசல். "கொடுக்க மாட்டேன்" என்றேன். "போன தடவை பார்த்த ஈரத்துக்கு என்ன காரணம், அதையும் சொல்" என்றார். இட்லித் தட்டை நெருக்கி அடுக்கினால் ஆவி சுற்றாது, அதுபோல லோடை நெருக்கியிருப்பார்கள். இல்லையென்றால் சூடான பேக்கைக் குளிர்ந்த மேசைமேல் வைத்திருப்பார்கள் என்றேன். இட்லி என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, மார்க் போட்டார்.