நிலாவை வைத்துக் கோளை எடை போடுவது

வியாழனைச் சுற்றும் அயோவையும் நம் நிலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விஷயம் சட்டென்று பிடிபடும். நம் நிலா பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அயோ வியாழனின் மையத்திலிருந்து 4,21,800 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், அயோ கொஞ்சம் தள்ளியே இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நம் நிலா ஒரு சுற்று முடிக்க 27.32 நாள் எடுக்கிறது, அயோவுக்கு 1.769 நாள் போதும். அவ்வளவு வேகத்தில் ஓடியும் அது பிய்த்துக்கொண்டு போகாமல் வளைந்து வளைந்து அதே பாதையில் வருகிறதென்றால், நடுவில் இருந்துகொண்டு இழுப்பது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

அதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். சுற்றுப்பாதையின் தூரத்தை மும்மடியாக்கி, சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுத்தால் வருவது நடுவில் இருப்பதன் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டன் ஈர்ப்பு விதியோடு சேர்த்தபோது கிடைத்தது இது. தூரம் 1.097 மடங்கு, அதன் மும்மடி 1.32. காலம் 15.44 மடங்கு குறைவு, அதன் இருமடி 238.5. இரண்டையும் பெருக்கினால் 315. அதாவது வியாழன் சுமார் 315 பூமி. சரியான விடை 318! இரண்டு தூரம், இரண்டு காலம், ஒரு கால்குலேட்டர், அவ்வளவுதான்.

அந்த மூன்று எங்கே போனது என்பதும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இந்த முறையில் கிடைப்பது உண்மையில் கோளும் துணைக்கோளும் சேர்ந்த நிறை. வியாழனோடு ஒப்பிட்டால் அயோ ஒன்றுமே இல்லை, விட்டுவிடலாம். ஆனால் நம் நிலா பூமியின் நிறையில் 81ல் ஒரு பங்கு, அதை விட முடியாது. அதையும் கணக்கில் எடுத்தால் 315 என்பது 319 ஆகிவிடும். மிச்சமிருக்கும் அந்த ஒன்றுக்குக் காரணம் சூரியன். அது நிலாவை இழுத்துக்கொண்டே இருப்பதால் பூமியின் பிடி சராசரியில் ஒரு துளி தளர்ந்ததுபோல ஆகிவிடுகிறது. ஒரு சின்ன வித்தியாசத்துக்குள் இவ்வளவு இயற்பியல் உட்கார்ந்திருக்கிறது.

துணைக்கோள் சிறியதாக இருக்கும்வரை அதன் நிறை நமக்குத் தெரியவே வேண்டாம். கனமான துணைக்கோளைக் கோள் அதிகமாக இழுக்கும்தான், ஆனால் கனமானதை வளைக்க அதே அளவு அதிக விசையும் வேண்டும், இரண்டும் அடிபட்டுப் போய்விடும். அது பனியா பாறையா என்ற கவலையெல்லாம் தேவையில்லை.

நியூட்டன் 1687லேயே வியாழன், சனி இரண்டின் நிறையையும் சூரியனோடு ஒப்பிட்டு எழுதிவிட்டார். ஆனால் எல்லாம் விகிதம்தான். கிலோகிராமில் சொல்வதற்கு, 1798ல் ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளுக்கு நடுவே இருக்கும் மிக மெல்லிய ஈர்ப்பை அளந்து பூமியின் அடர்த்தியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

துணைக்கோள் கையில் இல்லாவிட்டால் நிலைமை எவ்வளவு மோசமாகும் என்பதற்குப் புளூட்டோவை விட நல்ல உதாரணம் கிடையாது. நெப்டியூனுக்கு அப்பால் பூமியைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு நிறையுள்ள கோள் இருக்கிறது என்று அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல் கணித்திருந்தார், அதைத் தேடப் போய்த்தான் 1930ல் புளூட்டோ அகப்பட்டது. அதற்கப்புறம் வந்த மதிப்பீடுகள் சுருங்கிக்கொண்டே போயின. 1978ல் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் ஜேம்ஸ் கிறிஸ்டி புளூட்டோவின் படங்களை உருப்பெருக்கிப் பார்த்தபோது, அதன் உருவத்தில் ஒரு பக்கம் சின்னதாகப் புடைத்திருந்தது, அந்தப் புடைப்பு படத்துக்குப் படம் இடம் மாறியது. 6.39 நாளுக்கு ஒரு முறை சுற்றிவந்த அதுதான் புளூட்டோவின் துணைக்கோள் சாரன். இடையில் தூரம் சுமார் 19,600 கிலோமீட்டர். இதைச் சூத்திரத்தில் போட்டால் இரண்டும் சேர்ந்தே பூமியின் நிறையில் 400ல் ஒரு பங்குதான் வருகிறது. அரை நூற்றாண்டுக் குழப்பத்தை ஒரு புடைப்பு தீர்த்துவைத்தது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: சாரனின் நிறை புளூட்டோவில் எட்டில் ஒரு பங்கு, அதனால் இரண்டும் புளூட்டோவுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியைச் சுற்றுகின்றன. தனித்தனி நிறை வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகிச் சுற்றுகிறது என்றும் அளக்க வேண்டும்.

வெள்ளிக்கும் புதனுக்கும் துணைக்கோளே இல்லை. மற்ற கோள்களின் பாதையை அவை லேசாக அசைப்பதை வைத்துத்தான் முன்பு மதிப்பிட்டார்கள். பிறகு 1962ல் மரினர் 2 வெள்ளியையும், 1974ல் மரினர் 10 புதனையும் கடந்து போயின. அந்த விண்கலங்களின் வேகம் எப்படி மாறியது என்பதே எடைக்கல் ஆனது.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால் கிலோமீட்டரைப் பற்றிய கவலையையும் விட்டுவிடலாம். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. தொலைநோக்கியில் தெரியும் வியாழனின் ஆரத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அயோ அதிகபட்சம் 5.9 ஆரம் விலகும், வியாழனின் இன்னொரு துணைக்கோளான காலிஸ்டோ 26.3 ஆரம். இந்த எண்ணை மும்மடியாக்கி, 3π ஆல் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியாலும் (ஈர்ப்பு விதியில் வரும் நிலையான எண்) வினாடியில் எடுத்த சுற்றுக்காலத்தின் இருமடியாலும் வகுத்தால் நேராக வியாழனின் சராசரி அடர்த்தி வந்துவிடும், வியாழன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே தெரிய வேண்டாம். அயோவை வைத்துப் போட்டாலும் 16.69 நாளில் சுற்றும் காலிஸ்டோவை வைத்துப் போட்டாலும் கன சென்டிமீட்டருக்கு 1.24 கிராம் பக்கம் வரும். உண்மையான மதிப்பு 1.33, ஏனென்றால் வியாழன் துருவங்களில் தட்டையாக இருக்கிறது, நாம் அதை முழு உருண்டையாக எடுத்துக்கொண்டோம். எப்படிப் பார்த்தாலும் தண்ணீரை விடக் கொஞ்சம்தான் அதிக அடர்த்தி, பூமியோ 5.5. அது பாறையால் ஆன கோள் இல்லை என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

அளக்கும்போது தூரத்தில் கவனம் வையுங்கள். அதில் ஒரு சதவீதம் பிசகினால் விடையில் மூன்று சதவீதம் பிசகும். காலம் அவ்வளவு படுத்தாது, பல சுற்றுகளைச் சேர்த்து எண்ணி வகுத்தால் தானாகத் துல்லியமாகிவிடும். முதலில் காலிஸ்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள், அது வியாழனின் பிரகாசத்திலிருந்து நன்றாக விலகி வரும், மெதுவாகவும் நகரும், ஒரு ராத்திரி மேகம் மூடினாலும் பெரிதாக நஷ்டமில்லை.