காது நன்றாகத்தான் கேட்கிறது

ஜூன் 11, 2024

ஐந்து வயதுப் பையன், யூ.கே.ஜி. பேச்சு, மொழிச் சிகிச்சைக்கு என்னிடம் கூட்டி வந்திருந்தார்கள். "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று டீச்சர் எழுதியனுப்பியிருந்தார். முதலில் பார்க்க வேண்டியது காதை. அதில் குறையில்லை. கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான், பொம்மைக் காரை என்னிடம் நீட்டுகிறான். "பையை வெச்சுட்டு, செருப்பை எடுத்துட்டு வா" என்றேன். பையை வைத்தான். அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிடிவாதக்காரக் குழந்தை அப்படிப் பார்க்காது.

"இவங்கப்பனும் நாலு வயசுக்கப்புறந்தான் பேசுனான் அம்மணி. நாக்குல வசம்பு தேச்சோம், சரியாப் போச்சு" என்றார் பாட்டி. ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் காது கேட்டும், சொன்னதைப் புரிந்துகொள்ளவோ சொற்களைக் கோத்துப் பேசவோ திணறுகிற மொழி வளர்ச்சிக் குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு. அப்பாவைத் தனியாகக் கேட்டேன். பள்ளியில் பாடம் வாசிக்கவே திணறியதாகச் சொன்னார்.

ஜூன் 14

படத்தைக் காட்டிக் கதை கேட்டேன். நாய் துரத்த, பூனை மரமேறுகிற கதை. "நாய் வந்து... பூனை... மேல... அது போச்சு." உச்சரிப்பு சுத்தம், அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 'ர' வராத பிள்ளையை உடனே கூட்டி வருகிறார்கள். சொல்லோடு சொல் சேராத பிள்ளையைக் கூட்டி வருவதில்லை.

அர்த்தமில்லாத சொற்களைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். இந்தக் குறைபாடுள்ள பிள்ளைகள் பலர் நீளமான சொல்லில் தடுமாறுவார்கள். "திபாமு" வந்தது. "லகோபிடுனை" பாதியில் நின்றது. இந்த ஒன்றை வைத்து மட்டும் முடிவு சொல்லிவிட முடியாது. கதை, வாக்கியம், வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 19

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் கோபம் வந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தக் குறைபாடு வராது. இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். அம்மாவுக்குச் சரளமாக வருவது தமிழ்தான், சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் அதிலேயே நிறையப் பேசச் சொன்னேன்.

ஜூன் 25

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 4, 5 வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வேறு காரணம் எதுவும் தெரியாமல் இந்தக் குறைபாடு மட்டும் இருந்தவர்கள் ஏறக்குறைய 7.5 சதவீதம். முப்பது பேர் வகுப்பில் இரண்டு பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை அவன் பள்ளிக்குப் போகிறேன். "நோட்டை எடுங்க" என்றதும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டு எடுக்கிறவர்கள் யார் யார் என்று குறித்து வைக்கும்படி டீச்சர்களிடம் கேட்டிருக்கிறேன்.