ரிங்கை ஒட்டி ஒரு குடித்தனம்

அடெனாவ் என்ற சின்ன ஊருக்குக் குடிவந்தது ஒரு ஏப்ரல் மாதம். காலையில் பனி பெய்தது, மதியம் வெயில் அடித்தது. சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து விடாமல் ஒரு உறுமல். மனைவி பயந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். "அது ரிங்" என்றார் மாடி வீட்டுப் பாட்டி. நூர்பர்க்ரிங் என்று முழுப்பெயர் சொல்பவர்கள் இங்கே குறைவு.

ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் ஏறி இறங்கி ஓடும் கார் பந்தயத் தடம் அது. பிழைக்க வந்த எனக்கு, அது பிழைப்புக்காகவே போட்ட தடம் என்று தெரிந்தபோது மனசுக்கு நெருக்கமாகிவிட்டது. 1920களில் இந்தப் பகுதியில் கடும் வறுமை. வேலையில்லாதவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று மாவட்ட நிர்வாகி ஓட்டோ க்ரொய்ட்ஸ் முன்னின்று கட்டவைத்தார். 1925இல் தொடங்கிய வேலை இரண்டே வருஷத்தில் முடிந்தது. பாட்டியின் தாத்தா அங்கே கல் உடைத்தவர். 1927 ஜூனில் முதல் கார் பந்தயத்தை ருடால்ஃப் கராச்சியோலா ஜெயித்ததைப் பாட்டி அப்புறம்தான் சொல்வார். தாத்தாவுக்கு வாரக்கூலி தவறாமல் வந்ததுதான் முதலில் வரும்.

வடக்கே நீளும் பழைய சுற்று மட்டும் 20.8 கிலோமீட்டர். அதன் வயிற்றுக்குள் கிராமங்களே இருக்கின்றன. ஒரு முனையில் மழை கொட்டும்போது மறுமுனை காய்ந்து கிடக்கும். 'பச்சை நரகம்' என்றார் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் வீரர் நிக்கி லவுடாவின் ஃபெராரி தீப்பிடித்தபோது, பின்னால் வந்த பந்தய வீரர்களே இறங்கி ஓடி அவரை இழுத்துப் போட்டார்கள். அவ்வளவு நீளத் தடத்தில் உதவி வந்துசேர நேரமாகும். ஃபார்முலா 1 அதோடு பழைய சுற்றை விட்டுவிட்டது. பக்கத்திலேயே 1984இல் சின்னதாக, பாதுகாப்பாக ஒரு புதுத் தடம் திறந்தார்கள்.

பழையது ஓய்ந்துவிடவில்லை. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் காசு கட்டித் தங்கள் காரை ஓட்டலாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ரூன்ஷென் வளைவுக்கு மேலே புல்மேட்டில் பிளாஸ்க்கில் இஞ்சி டீயோடு உட்கார்வோம். தார் மேல் ரசிகர்கள் பெயின்ட்டில் எழுதிய பெயர்கள் டயர் தேய்த்து மங்கியிருக்கும். மகள் அவற்றை எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

24 மணி நேரப் பந்தயம் வரும் வாரம் நான் வேலை பார்க்கும் ஓட்டலில் ஒரு அறைகூடக் காலி இருக்காது. அடுப்படியில் நடுராத்திரி வரை நிற்போம். போன வருஷம் மகளுக்குக் குளிர் கோட்டும் ஷூவும் அந்த ஓவர்டைம் காசில்தான் வாங்கினோம்.